இன்று என்ன கிழமை

இருதயராஜ் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஆம்புலன்ஸ் ஆட்கள் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போனார்கள்.
படுக்கைவண்டி லிஃப்டில் அடங்கவில்லை,
நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள்.
இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே
ஒரு மூக்கு மட்டும் வெளியே இருந்தது.
சாவி என் கையில்.

எனக்கு நாய்முடி ஆகாது, தும்மல் வரும்.
அதைச் சொல்லித்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பதினோரு நாள் மேடம் கோ சோறு போட்டார்.
வேகவைத்த கோழி, காரட், எலும்பை விரலால் தேடி எடுத்தது.
எழுபது வயதில், முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு
காலையும் இரவும் கீழே கூட்டிப்போனார்.
பாய் பாய் என்று கூப்பிட்டார்.
பன்னிரண்டாம் நாள் ஜெசிந்தா வந்தாள், அண்ணன் மகள்.
அலமாரியைத் திறந்தாள். பில்களைத் தேதிவாரியாக அடுக்கினாள்.
அதை எங்கேயாவது கொடுத்துவிட வேண்டும் என்றாள்.
அது என்றுதான் சொன்னாள்.

நடைபாதையில் சண்டை.
மேடம் கோவின் ஆங்கிலம் பாதியில் நின்று ஹொக்கியன் ஆனது.
ஜெசிந்தாவுக்கு வந்தது அழுகை,
அவள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.
யார் உறவு, யார் அந்நியர்,
கால்நடை மருத்துவருக்கு நூற்றெண்பது வெள்ளி கட்டியது யார்,
உரிமம் யார் பெயரில்.
யார் பெயரிலோ அவர்
மூக்கில் குழாயோடு ஏழாம் மாடியில் கிடந்தார்.
நீங்கள் சொல்லுங்கள் அக்கா என்றாள்.
நான் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொங்கோலிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள்.
நல்லவர்கள். அதுதான் சிக்கல்.
தரையில் உட்கார்ந்து அதன் பல்லைப் பார்த்தார்கள்,
எந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்று கேட்டார்கள்.
ஜெசிந்தா கையெழுத்திட்டாள்.
சாட்சி என்ற கோட்டின்மேல் என் கையெழுத்து.
புதுக் கழுத்துப்பட்டை போட்டார்கள். பழையது என்னிடம்.
இப்போது அதன் பெயர் பிஸ்கட்.

அதற்கு முன் வியாழன்.
துவாஸ் பக்கம் ஒரு கொள்கலனுக்கு அடியில்
ஒரு வியாழக்கிழமை கிடைத்தது.
பெயருக்காக ரொம்ப யோசிக்கிற ஆளில்லை இருதயராஜ்.

வார்டில் தினமும் காலையில் கேட்கிறார்கள்:
ஐயா, இன்று என்ன கிழமை?
வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது.
வெகுநேரம் கழித்து, பானையடியைச் சுரண்டுவதுபோல்
ஒரே ஒரு சொல் வருகிறது.
வியாழன்.
திங்களன்றும் அதுதான். சனியன்றும் அதுதான்.
தாதி தர்ஷினி தாளில் பெருக்கல் குறி போடுகிறாள்.
வாரத்தில் ஒருநாள் மட்டும் சரி.

பார்த்தீர்களா அக்கா என்றாள் ஜெசிந்தா,
கிழமைகூடத் தெரியாதவர் நாயை வைத்து என்ன செய்வார்,
கொடுத்தது சரிதானே.
அவர் சொல்வது கிழமை இல்லை என்றேன்.
அவள் என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
யாராவது நாயை வியாழன் என்று கூப்பிடுவார்களா?

மேடம் கோ என்னோடு பேசுவதில்லை.
லிஃப்டில் நான் இருந்தால் அடுத்ததற்கு நிற்கிறார்,
அந்த முழங்காலோடு.

ஒரு ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல், பொங்கோலுக்குப் போனேன்.
கால்வாய் ஓரம் ஒரு சின்னப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.
வியாழன், என்றேன்,
பத்தடி தள்ளி, எனக்கே கேட்காத குரலில்.
ஒரு காது திரும்பியது.
பிஸ்கட்! என்றாள் அந்தப் பெண்.
மற்றக் காதும் வாலும் அவள் பக்கம் போயின.
எனக்குத் தும்மல் வந்தது.
பத்தடி தூரத்துக்கு நாய்முடி பறந்து வராது,
எனக்கும் தெரியும்.

இன்று விடுப்பெடுத்து ஜெசிந்தாவும் வந்திருந்தாள்.
தர்ஷினி கேட்டாள். அவர் சொன்னார்.
சரி! என்று தாளில் குறித்தாள்.
ஜெசிந்தா கைதட்டினாள், கண் துடைத்தாள்,
சித்தப்பா தேறிவிட்டார் என்று
அடுத்த கட்டிலுக்கும் சொன்னாள்.
என் கை பைக்குள் போனது,
கழுத்துப்பட்டையின் கொக்கியைத் தொட்டுவிட்டு வந்தது.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆள் உயரத்தில் அல்ல,
முழங்கால் உயரத்தில்.