பூச்சி வரைகிறவள்

ரோஜாவுக்கு வேறு ஆள்.
டெர்பியிலிருந்து வந்தவர், தனி ஜன்னல், தனி விளக்கு.
இலைக்கு இரண்டு பேர்.
தங்க விளிம்புக்கு டார்க்கஸ் ப்ரீஸ்.
மாலையில் அவள் தூரிகை துடைத்த கந்தலை
எண்ணி வாங்கிப் பூட்டிவைப்பார்கள்,
எரித்தால் கடுகளவு தங்கம் தேறுமாம்.
நான் பூச்சி.

கெசையா டன்னிக்ளிஃப், லேன் எண்ட் பட்டறை,
ஈ, எறும்பு, பொறிவண்டு, நீலத் தும்பி.
வேலைக்கு எடுக்கும்போது
இப்படி ஒரு வேலை இருக்கவில்லை.

சூளை திறக்கும் காலை
ஒவ்வொரு தட்டாக விரல்நுனியில் ஏந்திச்
சுண்டிப் பார்ப்பார் கணக்கர் ஒல்லர்டன்.
ணங்கென்று பாடினால்
ஜேபஸுக்கு முக்கால் பென்னி.
பாலாடையில் விழுந்த கரித்தூள்போல்
ஒரு புள்ளி, ஒரு கொப்புளம் கண்டால்
சின்னச் சுத்தியல்.
கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்த மண்ணுக்கும்
அதில் பாதியாய்க் கலந்த மாட்டெலும்புச் சாம்பலுக்கும்
முதலாளி விலை கொடுத்தாயிற்று.
ஜேபஸின் முதுகுக்குத்தான் ஒன்றும் கிடையாது.

சுத்தியல் இறங்குமுன் கைநீட்டினேன் ஒருநாள்:
"ஐயா, அதை இப்படிக் கொடுங்கள்.
அங்கே ஒரு வண்டு உட்காரும்."

கொப்புளம் முதுகாயிற்று.
புள்ளி தலை.
மெருகு பிளந்த கீறலுக்குச் சிறகு வைத்தால்
தும்பி.
நிழலைத்தான் பார்த்துப் போடவேண்டும்,
நிழல் விழுந்த பிறகுதான் கால்கள் ஊன்றும்.
சனிக்கிழமை கூலி வாங்கும்போது
ஜேபஸ் என் பக்கம் திரும்புவதில்லை.
அவன் மனைவி மட்டும் ஒருமுறை
சூடு ஆறாத ஓட்ஸ் அடை இரண்டைத்
துணியில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டு
எதுவும் சொல்லாமல் போனாள்.

ஷ்ரூஸ்பரியில், ஹெட்டர்லி சீமாட்டியின் விருந்தில்,
ஒரு நீதிபதி
கைக்குட்டையால் என் ஈயை மூன்றுமுறை விரட்டினாராம்.
மேசையே சிரித்ததாம்.
கடிதம் வந்தது:
இருபத்துநான்கு தட்டுகள்,
தட்டுக்கு ஒரு பூச்சி, தவறாமல்.

முதல் தரத்தில் பொறுக்கி எடுத்து வந்தார்கள்.
புள்ளியில்லை, கொப்புளமில்லை.
எங்கே தொடங்குவது?
இரண்டு நாள் அந்த வெள்ளையை நானும்
என்னை அந்த வெள்ளையும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு கண்ணை மூடி ஒரு விரல் வைத்தேன்,
விரல் பட்ட இடத்தில் எறும்பு.
அப்படியே இருபத்துமூன்று.

கடைசித் தட்டு அத்தனை மெல்லிசு.
மெழுகுவத்திக்கு எதிரே பிடித்தால்
மறுபக்கத்து என் விரல்கள் தெரிந்தன.
அடி வளையத்தில் ஜேபஸின் கட்டைவிரல் அழுத்தம்,
அது எனக்குப் பழக்கமான கை.
தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.
வைக்கோல் திணித்த பெட்டியில்
வெறுமனே போயிற்று அது.

நவம்பரில் திரும்பி வந்தது,
தனியாக, அதே வைக்கோலில்.
"ஒன்று பழுது. பூச்சி இல்லை."
ஒல்லர்டன் பேரேட்டைத் திறந்து
பழுது என்றே எழுதினார்,
ஜேபஸின் பெயருக்கு நேராக.
எழுத வேறு பத்தி இல்லையாம்.

அன்றுதான் ஜேபஸ் மாடிக்கு வந்தான்,
கையெல்லாம் களிமண்.
தட்டை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தான்.
சுண்டினான். காது கொடுத்தான்.
மறுபடி சுண்டினான்.
"இதில் என்ன குறை?"
"ஒன்றுமில்லை."
"அப்புறம்?"
"அதுதான்."

அவன் சிரிக்கவில்லை.
தட்டை என் முன்னால் வைத்துவிட்டு
இறங்கிப் போனான், படியில் வெள்ளைச் சுவடு.
வெளிச்சம் இன்னும் கால்மணி இருந்தது.
கறுப்பைக் குழைத்தேன்.