இருபது நிமிடத்துக்கு ஒருமுறை

அன்செல்மோ கோணியை இறக்கினான்.
உள்ளே முப்பத்திரண்டு தேரைகள்,
முப்பத்திரண்டும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தன.
ரொசாரியோவுக்கு வடக்கே மழை நின்று ஏழு வாரம்.
ஆனாலும் ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும்
ஒரு சின்னக் குளம்.
தாகமெடுத்தால் தன் மூத்திரத்திலிருந்தே
தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தேரை,
கடன் கொடுத்தவன் மாதிரி, கறாராக.

"நம் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்
செய்வதும் இதுதான்" என்பார் டாக்டர் ஸவாலியா.
"அதைப் பிடிக்க முடியாது. இது கைக்கு அடங்கும் பை."
அடக்குகிற கை என்னுடையது.
வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது அந்தப் பை;
நகம் வளர்த்தவர்களுக்கு இங்கே வேலையில்லை.

கண்ணாடிக் குழாயின் முனையில் நூலால் கட்டு.
உள்ளே உப்புக் குறைந்த நீர்,
வெளியே உப்பு நிறைந்த நீர்.
தண்ணீருக்குப் போக ஆசை; பை விடாது.
வெளிநீரில் மூன்று சொட்டு ஹார்மோன் விட்டால்
பைக்கு மனம் மாறும்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கு,
வடிதாளில் ஒற்று, எடை போடு.
குறைந்த மில்லிகிராம் அத்தனையும் கடந்துபோன தண்ணீர்.
நோட்டில் எழுது. மாத்தே குடி. மறுபடி தூக்கு.

ஜூலையில் ஒரு செவ்வாய் இரவு
மக்னீசியம் குளோரைடு புட்டி காலி.
கிடங்குச் சாவி ஓயார்சூனிடம்;
ஓயார்சூன் வேலைநிறுத்தத்தில்.
சிட்டிகை அளவுதானே என்று
அது இல்லாமலே கரைசலைக் கலக்கினேன்.

ஹார்மோன் விட்டேன்.
இருபது நிமிடம்: பதினான்கு.
நாற்பது நிமிடம்: முப்பத்தொன்று.
வழக்கமாக இந்நேரம் முந்நூறைத் தாண்டியிருக்கும்.
தராசைத் தட்டிப் பார்த்தேன்; பழுதில்லை.
முடிச்சைப் பார்த்தேன்; ஒழுகலில்லை.
இன்னும் மூன்று சொட்டு விட்டேன்.
விருந்தாளி வாசலில் நின்று தட்டுவதும்
உள்ளே ஆள் நடமாடுவதும் கேட்கிறது,
தாழ்ப்பாள்தான் நகரவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி இடம் கொடுக்க வேண்டாமா?
ஹார்மோன் வந்து உத்தரவு போடும்.
செலவுக்கு ஏடிபி உண்டு, கட்டுக்கட்டாய்.
ஆனால் மக்னீசியம் சேராத ஏடிபி
செல்லுக்குள் செல்லாக்காசு;
வாங்க வேண்டிய நொதி கையை நீட்டாது.
இப்படித்தான் யோசித்தேன்,
அதிகாலை மூன்றரைக்கு, குளிரில், ஒற்றை ஆளாக.

டாக்டர் ஸவாலியா காலையில் சிரித்தார்.
"வெளிநீரில் இல்லாவிட்டால் என்ன?
செல் உள்ளே பதுக்கி வைத்திருக்கும்.
ஒரே இரவில் தீர்ந்துபோகிற சரக்கா அது?
மறுபடி செய், ஒஃபேலியா."

செய்தேன். பதினோரு இரவு.
புட்டி வந்துசேர்ந்த பிறகும் வேண்டுமென்றே விட்டுவிட்டு.
ஆறு இரவு தாழ்ப்பாள் அசையவில்லை.
ஐந்து இரவு ஒன்றும் நடக்காததுபோலத் திறந்துகொண்டது.
ஆறுக்கு ஐந்து.
கால்பந்து மைதானம் என்றால் ஊரே தெருவில் ஆடும்.
ஆய்வகத்தில் அதற்கு அர்த்தம்:
இன்னும் தேரை வேண்டும்.
அன்செல்மோ விலையை ஏற்றினான்.

பதினோராம் இரவின் கடைசிப் பையில்
எனக்கே பொறுக்கவில்லை.
நடுவில் சிட்டிகை மக்னீசியம் போட்டேன்.
அடுத்த எடையில் நூற்றுத்தொண்ணூறு குறைந்தது.
அதனாலா? இல்லை, தானாகவே திறக்க இருந்த வேளையா?
எண்ணை எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, பென்சிலால்.

முதல் பேருந்தில் வீடு.
இரவெல்லாம் குடித்த மாத்தே அடிவயிற்றை முட்டியது.
கோட்டைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடினேன்.
ஜில்லென்ற இருக்கையில் உட்கார்ந்து கேட்டேன்:
எவ்வளவு வைத்துக்கொண்டாய்,
எவ்வளவு போனால் போகட்டும் என்று விட்டாய்,
யார் உனக்குச் சொன்னது?

சங்கிலியை இழுத்தேன்.
எடை போடாமல் போகிறதே என்று
கை ஒரு கணம் வடிதாளைத் தேடியது.