பின்னிருந்து எண்ணுவது

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள்
காலிஃப்ளவரைக் கண்டதில்லை.
வேலூரில் அதற்குப் பட்டமென்று ஏதும் கிடையாது,
ஒரு சந்துதான் உண்டு.
ஐப்பசி மழை ஓய்ந்து
மாசி வெயில் மாடிப்படி ஏறுவதற்குள்
பக்கவாட்டில் நுழைந்து வெளியேறிவிட வேண்டும்.

சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி,
பதினோரு பெயிண்ட் வாளிகள்.
எதிரே மொட்டைப் பாறை மலை.
பகலில் வாங்கிய சூட்டை
ராத்திரி முழுக்கச் சில்லறையாகத் திருப்பித் தரும்.

எனக்கு வேலை ரத்த வங்கியில்.
நாலு மணிக்கொரு தரம் குளிர்பெட்டியைப் பார்த்து
நோட்டில் எழுதுவேன்.
நாலு. நாலு. மூன்று புள்ளி எட்டு. நாலு.
இந்த ஊரில் நாலு டிகிரியைத் தெரிந்தவர்கள்
நானும் அந்தப் பைகளும்தான்.

சாஸ்கட்டூனிலிருந்து தம்பி வில்வநாதன் கூப்பிட்டான்,
ஏப்ரல் கடைசியில்.
மண்ணில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தானாம்.
"நாலு வந்துடுச்சுக்கா! பட்டாணி போட்டுடலாம்!"
அந்த எண்ணை அவ்வளவு சந்தோஷமாக
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பட்டாணி பொறுக்கும். தக்காளி பொறுக்காது.
மே கடைசியில் ஒரு பனி, செப்டம்பரில் ஒரு பனி,
நடுவில் அவனுக்கு நூற்றுப்பத்து நாள்.
அதனால் பங்குனியிலேயே
தயிர் டப்பாக்களில் ஜன்னலோரம் முளைக்கவிட்டிருந்தான்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
முழங்கால் வரை பனி கிடக்கையில்.

மே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
மூன்று நாள் வெயில் அவனை ஏமாற்றியது.
"வெறும் சட்டையோட நின்னேன்க்கா" என்றான்,
ஏதோ பதவி கிடைத்த மாதிரி.
முப்பது நாற்றையும் நட்டுவிட்டான்.
வேலிக்கு அப்பால் ஒலேனா என்ற கிழவி
பார்த்துக்கொண்டிருந்தாளாம், ஒன்றும் சொல்லவில்லை.
அவள் நாற்றெல்லாம் இன்னும் சமையலறையில்.

பதினாறாம் தேதி ராத்திரி எச்சரிக்கை வந்தது.
படுக்கை விரிப்பு, துண்டு, கடைசியில்
கல்யாணப் பட்டுவேட்டி,
எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போர்த்தினான்.
காலையில் வேட்டி மொடமொடவென்று நின்றதாம்.
அடியில் இலைகள் கறுத்து,
வெந்நீர் ஊற்றின மாதிரி.

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

லாங்கு பஜார் விதைக்கடையில் தணிகாசலம் சொன்னார்:
"புரட்டாசியில போட்டா மழை அடிச்சிக்கும்,
கார்த்திகையில போட்டா வெயில் புடிச்சிக்கும்.
நடுவுல போடும்மா."
நடுவுலன்னா எப்போ?
"அது மழை போனப்புறம்தான் தெரியும்."

ஐப்பசி ஐந்தில் விதைத்தேன்.
நாற்று இரண்டிலை விட்டபோது புயல்.
துணி அலசும் டப்பைக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வைத்து
ராத்திரி டியூட்டிக்குப் போனேன்.
விடிந்து வந்தால் செங்கல் இருக்கிறது,
டப் பக்கத்து மாடியில்.
நாற்று இருந்த இடத்தில் சேற்று நீர்
வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

கார்த்திகை பத்தில் திரும்பப் போட்டேன்.
தாமதம் என்று தெரிந்தே போட்டேன்.

அதற்குள் அங்கே செப்டம்பர் வந்து போயிருந்தது.
ஒலேனா கொடுத்த மிச்ச நாற்றில் காய்த்த தக்காளி
ஒன்றும் பழுக்கவில்லை.
முதல் பனிக்கு முந்தின சாயங்காலம் எல்லாவற்றையும் பறித்து
செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலடியில் வைத்திருந்தான்.
இத்தனை பச்சைத் தக்காளியை என்ன செய்வது என்றான்.
கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய்,
புளி வேண்டாம், துவையல் அரைச்சுடு என்றேன்.
ஒலேனாவுக்கு ஒரு கிண்ணம் போயிற்று.
இரண்டாவது கிண்ணத்தை அவளே கேட்டு வாங்கினாளாம்.

தை மாசம் சில ராத்திரி பதினாறு வரை இறங்கியது.
நான் மாடியிலேயே நின்றேன், சால்வை இல்லாமல்,
செடியோடு சேர்ந்து வாங்கிக்கொள்ளலாமென்று.
மாசி பன்னிரண்டு. முப்பத்தைந்து டிகிரி.
பூவின் ஓரம் அரிசி அரிசியாகப் பிரியத் தொடங்கியது.
கத்தியை எடுத்தேன்.
ஒன்பது பூ, ஒவ்வொன்றும் குழந்தைக் கைமுட்டி அளவு.

படம் அனுப்பினேன்.
அவன் சிரிக்கவில்லை.
எடை போட்டாயா என்று மட்டும் கேட்டான்.
அங்கே மைனஸ் இருபத்தேழு.
ஜன்னலோரம் தயிர் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறானாம்.
பனி நிற்கும் நாளிலிருந்து பின்னால் எட்டு வாரம்,
விரல்விட்டு எண்ணுவது ஃபோனில் கேட்டது.

நானும் காலண்டரைக் கழற்றி
பின்பக்கம் எழுதி வைத்தேன்:
விதை, ஐப்பசி பதினெட்டு?

கேள்விக்குறியை அடிக்கலாமா என்று பார்த்தேன்.
இருக்கட்டும்.