ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு

சூரமங்கலம் சமுதாயக் கூடத்தில்
வியாழக்கிழமை காலை பத்து மணி.
எடை மெஷினில் ஏறுமுன்
செருப்பைக் கழற்றுகிறோம், கண்ணாடியைக் கழற்றுகிறோம்.
ஜெயினுலாப்தீன் பாய் பல் செட்டையும் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
'பையும் உங்க கூடத்தானே ஏறுது' என்றாள் இவாஞ்சலின்.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
உப்புப் பொட்டலங்களைக் கேட்டுவிட்டாள்.

போன வாரம் ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள்.
வீட்டில் வேறு உப்பைத் தொடக்கூடாது,
மிச்சத்தை அப்படியே கொண்டுவர வேண்டும்.
செங்கோடன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.
'ஊறுகாய் இருக்கறப்போ உப்பு எதுக்கு கண்ணு?'
என்னுடையது காலி.
அவள் திட்டவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டாள்.
எழுதிக்கொள்கிற பெண்ணிடம்
பொய் சொல்வது கஷ்டம்.

முப்பத்தோரு வருஷம் இரும்பாலை கேன்டீன்.
முதல் ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் பேர்.
ரசம் கொதிக்கிற ஆவியை முகர்ந்தே
இன்னும் ரெண்டு கை என்று சொல்லிவிடுவேன்.
அதெல்லாம் சரி.
பாக்கியம் போன பதினேழாம் நாள்
எனக்கென்று ஒரு ரசம் வைத்தேன்,
தெருவுக்கே காணும்.
மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்துக் குடித்தேன்.
அதற்குப் பிறகு அடுப்பு எதற்கு?
காலையில் பன்னும் டீயும்,
மத்தியானம் மிக்சர்,
ராத்திரி ஜங்ஷன் பக்கம் புரோட்டா.
பிரஷர் மாத்திரையை அந்தச் சால்னாவோடுதான் விழுங்கினேன்.

'சார், ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு?'
என்னையா கேட்கிறாள்?
மனக்கணக்கில் கேன்டீன் உப்பு மூட்டையைத்
தொள்ளாயிரத்தால் வகுத்துப் பார்த்தேன்.
வந்தது விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டது,
உதறினால் காணோம்.
அவ்வளவுதானா நான்
என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

பாப்பாயிக்குச் சர்க்கரை இருநூற்று அறுபது.
செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் போடுகிறவள்.
சாயங்காலம் உடைந்த தட்டுவடைதான் அவள் சாப்பாடு,
முழுசாக இருப்பதை விற்க வேண்டுமே.
'நடுவுல வைக்கிற கேரட், பீட்ரூட்டை மட்டும்
தட்டுல போட்டுக் குடுத்தா எவன் காசு குடுப்பான்?' என்றாள்.
அடுத்த வாரம் தூக்குவாளியில் அதை மட்டும் கொண்டுவந்தாள்,
எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவி.
பாய் பல் செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் மாசம்
கூடத்துச் சமையலறைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள்.
ஏற்காடு பஸ்ஸில் வந்திறங்கியது
வாழவந்தியிலிருந்து ஒரு சிப்பம் சாமையரிசி,
கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு உருண்டு
தோல் கீறிய நாலு சவ்சவ்.
பதினாலு பேர்.
தொள்ளாயிரமும் இல்லை, ஒன்றும் இல்லை.
உப்பு டப்பாவுக்குள் போன கை
பாதியில் நின்றது,
யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

'சப்புனு இருக்கு' என்றார் செங்கோடன்.
வேட்டி மடிப்பிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்தார்,
இவாஞ்சலினைப் பார்த்தார்,
திரும்ப மடியில் கட்டிக்கொண்டார்.
ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

ஒரு பங்கு மீந்தது.
ரெண்டு வாரமாக அங்கமுத்து வரவில்லை.
ரயில்வே கேட் தாண்டி அவர் வீடு.
டிபன் பாக்ஸை நீட்டினால்
கதவைப் பாதி திறந்துகொண்டு
'உப்பு இருக்கா?' என்றார்.
'உன் பங்கு இருக்கு.'
வாங்கி வைத்துவிட்டு டிவியைப் பார்த்தார்.
'அப்பறமா சாப்பிடறேன்' என்கிறவர்கள்
சாப்பிடுவதில்லை, அது எனக்குத் தெரியும்.
இன்னொரு தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு
எதிரே உட்கார்ந்தேன்.

அன்று நான் இரண்டு முறை சாப்பிட்டதை
யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.
அடுத்த வியாழன்
மெஷின் சொல்லிவிடும்.