மூன்றாவது பூஜ்யம்

காலை ஏழே முக்காலுக்கு என் முதல் வேலை
வாசல் பலகையில் தகரம் மாற்றுவது.
'விபத்தின்றிக் கடந்த நாட்கள்' என்று மேலே பெயிண்ட்,
கீழே மூன்று கொக்கி.
நேற்று அறுநூற்றுப் பதினொன்று.
ஒன்றைக் கழற்றி இரண்டை மாட்டினேன்.
பந்தலூர்ப் பனியில் தகரம் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

அறுநூறைத் தொட்ட அன்று கம்பெனி
ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தது.
தவமலருக்கும் கொடுத்தது.
மூடியைத் திறக்க அவளுக்கு
இடக்கை வேண்டியிருந்தது.

சிஃப்டிங் அறை பெல்ட்டில்
காப்பு வலை இல்லாத ஒரு சாண் இடம்.
இருநூற்று நாற்பதாம் நாள், இரவு ஷிப்டு.
படிவத்தில் எழுதினேன்:
'முதலுதவி மட்டும். சொந்த விடுப்பு, பதினெட்டு நாள்.'
எழுதச் சொன்னவர் மேனேஜர் தம்பையா.
எழுதியது என் பேனா.
விரல் நுனி எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.
அன்றைய டஸ்ட் கிரேடு ஏலத்துக்குப் போய்விட்டது.

இன்று ஆடிட்.
கோயமுத்தூரிலிருந்து நஸீமா மேடம்,
நாடுகாணி வரை வளைவுக்கு வளைவு வாந்தி.
இஞ்சி தட்டிப் போட்ட கட்டஞ்சாயா கொடுத்து உட்காரவைத்தோம்.
ஹெல்மெட்டுகளுக்குப் பாலித்தீன் உரித்து
ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.
டிரையர்காரர் பெரியண்ணன் முகமூடி மாட்டியதை மறந்து
வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"
"கத்த மாட்டோம், ஓட மாட்டோம்,
வரிசையாக் கூடுமிடம் போவோம்,"
ஆறு பேர் ஒரே மூச்சில், வாய்ப்பாடு மாதிரி.
"கூடுமிடம் எங்கே?"
சில்வர் ஓக் அடியில் பச்சைப் பலகை.
அதன் காலடியில் இன்னும் ஆவி பறக்கும் யானை லத்தி.
மேடம் தாளைப் புரட்டினார்; அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொண்டார்.
அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.
கட்டத்தை டிக் அடிப்பவர்களைச் சமாளித்துவிடலாம்.

பிறகு பயிற்சிப் பதிவேடு.
மார்ச், நாற்பத்திரண்டு பேர்.
நடக்காத பயிற்சி.
கொழுந்து மலையாய்க் குவிந்த வாரம் அது,
மெஷினை நிறுத்த யாருக்கு மனசு வரும்?
கையெழுத்தையெல்லாம் வீட்டில் நானே போட்டேன்,
மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து மூன்று பேனா எடுத்து,
சாய்த்தும் நிமிர்த்தியும்,
சிலதைப் பிழையாகவும்.

மேடம் ஒரு வரியில் நின்றார்.
"தவமலர் யாருங்க? கூப்பிடுங்க."
வந்தாள். புதுக் கையுறை.
ஆட்காட்டி விரலில் மட்டும்
துணி வெறுமனே மடங்கித் தொங்கியது.
"இது உங்க கையெழுத்தா?"
அவள் பார்த்தாள்; தாளை அல்ல, என்னை.
"என் எழுத்து இவ்வளவு அழகு இல்லீங்க.
இப்ப இன்னும் மோசம்."
கையுறையைக் கழற்றினாள்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
வெளியேயும் சிக்னல் இல்லை.
திரும்பி வந்து கணக்குப் போட்டார்:
"அன்னைலேருந்து எண்ணினாலும்
முன்னூத்தி எழுபத்திரண்டு வருதே மேடம்?"
"மறைச்சது எதுவரைக்கும்?"
"..."
"இன்னைக்கு வரைக்கும். அப்ப பூஜ்யம்."

சாயங்காலம் ஸ்டோரில் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் மூன்று மூன்று.
பூஜ்யம் மட்டும் இரண்டு.
ஆர்டர் கொடுத்தவர் சிக்கனக்காரர்:
நூறுக்கு, இருநூறுக்கு, அறுநூறுக்கு இரண்டு போதும்.
மூன்று தேவைப்படும் நாளை
அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

இருந்த இரண்டை மாட்டினேன்.
ஷிப்டு முடிந்து டிபன் பாக்ஸோடு வந்த தவமலர்
பலகை முன்னால் கொஞ்சம் நின்றாள்.
"அந்த மூணாவது கொக்கி சும்மா நீட்டிக்கிட்டு நிக்குது,
இருட்டுல யார் கண்ணையாவது குத்தும்.
எழுதிக்கங்க."

எழுதினேன்.
கீழே ஒரு கோடு போட்டு
பேனாவை அவளிடம் நீட்டினேன்,
இடக்கைப் பக்கமாக.