பாக்கி

சித்தூர் கோர்ட் மாடியில் சனிக்கிழமை அதாலத்.
கரண்ட் இல்லை. கணவாய்க் காற்று போதுமென்று
பியூன் ஜன்னலைத் திறந்துவிட்டார்.
பறக்காதிருக்க என் கேஸ்கட்டின்மேல்
யாரோ டிபன் டப்பாவை வைத்தார்கள்.

மலையாளத்தில் வாசித்தார்கள்.
பேசுவேன், கேட்பேன்.
எந்தப் பாஷையில் கேட்டாலும்
கொழிஞ்சாம்பாறைக்கு ஒரே டிக்கெட்தான்.
படிக்கத்தான் வராது.
வக்கீல் ஷைலஜா விரல் வைத்துத் தமிழில் சொன்னார்:
'தடுப்பூசியால் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் காயம்.'

சொல்லப்படும்.
அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டு
நாலு வருஷம் வந்திருக்கிறேன், உட்கார இடமில்லாமல்.

பஸ் படித் தகரம் கெண்டைக்காலைக் கிழித்த அன்று
நர்ஸ் ஜிஜி சொன்னாள்:
'பேடிக்கண்டா சேட்டா, உறும்பு கடி போலே.'
பொய்யில்லை, எறும்புதான்.
மூன்றாம் நாள் தோள் பூட்டிக்கொண்டது.
மணிக்கயிறு என் தலைக்குமேல் ஒரு சாண்.
அந்தச் சாணுக்கு இடக்கை இன்னும் போகவில்லை.
'போலாம் ரைட்' என்று தொண்டையால் ஓட்டினேன்
எட்டு மாதம்.
பிறகு முதலாளி பையை வாங்கிக்கொண்டார்.

கோயம்புத்தூர் டாக்டர் எழுதினார்:
ஊசி மேலே ஏறி இறங்கியிருக்கலாம்.
பாலக்காட்டு டாக்டர் எழுதினார்:
சர்க்கரைக்காரருக்குத் தானாகவும் வரும்.
எனக்குச் சர்க்கரை உண்டு, மறைக்கவில்லை.
ராத்திரி மல்லாந்து படுத்து
இரண்டையும் மாறிமாறி நம்பிப் பார்த்திருக்கிறேன்.
வலி ஒரே மாதிரிதான் இருந்தது.

கேட்டது ஒன்பது லட்சம்.
ஒன்று எண்பதில் வந்து நின்றது.
ஆஸ்பத்திரி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாது.
நான் இனி எங்கும் எதுவும் கேட்க மாட்டேன்.

இன்சூரன்ஸ் பையன் பேனாவை நீட்டினான்,
மூடியைக் கழற்றி.
என் கையைப் பார்த்துத்தான் கழற்றியிருப்பான்.
அதுவரை அவன்மேல் வைத்திருந்ததை
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.

தமிழில் போட்டேன்: ப. ஆறுச்சாமி.
வலக்கைக்கு ஒன்றுமில்லை.

திரும்பும் பஸ்ஸில்
புதுக் கண்டக்டரிடம் ஐம்பதை நீட்டினேன்.
சில்லறை இல்லையென்று
டிக்கெட் முதுகில் எழுதித் தந்தான் பாக்கியை.
இருபது வருஷம் நானும் எழுதியிருக்கிறேன்,
பாதிப் பேர் மறந்து இறங்கிவிடுவார்கள் என்று தெரிந்தே.
நினைவாய்க் கேட்பவரை
மனசுக்குள் வைதும் இருக்கிறேன்.

என் ஸ்டாப் வந்தது.
கேட்டேன்.
தேடித்தேடித் தந்தான்.
ஒரு ரூபாய் விடாமல் எண்ணி வாங்கிக்கொண்டுதான்
இறங்கினேன்.