வெங்காயத் தண்ணீர்

இஸ்மீர் நகரின் கர்ஷியாகா துறையில்
இருபது நிமிடத்துக்கு ஒரு படகு.
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து குல்ரீஸ் சொல்வாள்:
ஏழு நாற்பது, எட்டு மணி, எட்டு இருபது.
புயலடித்தால் மட்டும்
ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பாள்,
கடலின் சார்பில்.

தன் சார்பில் யாரிடம் கேட்பது?
முப்பத்தொன்று, அறுபத்திரண்டு,
நாற்பத்தைந்து, பிறகு
எண்ணுவதற்கே எதுவும் வராத ஒரு கோடை.
சமையலறை நாட்காட்டியில் பென்சில் வட்டங்கள்
கை தவறிச் சிந்திய பயறுபோல்
எந்தக் கட்டத்திலும் கிடக்கின்றன.

விழித்ததும், எழும் முன், பேசும் முன்
நாக்கின் கீழ் வெப்பமானி.
கைபேசி வெளிச்சத்தில் லெவெந்த் படிப்பான்:
முப்பத்தாறு புள்ளி மூன்று.
நேற்றும் மூன்று.
"இன்றைய வானிலை அறிக்கை" என்பான்.
முதல் மாதம் சிரித்தாள்.

மீன்கடை நெர்மின் சொன்ன வைத்தியம்:
வெங்காயம் ஒன்று, நாலாக வகிர்ந்து
ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு
வடித்து, வெறும் வயிற்றில்.
விலக்கு முடிந்த மறுநாளிலிருந்து ஏழு நாள்.
முடிய, முதலில் வரவேண்டுமே
என்று சொல்ல வாயெடுத்து
நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வெங்காயம் ரகசியம் காக்காது.
நான்கு மாடிப் படிக்கட்டும் அறிந்துகொண்டது.
கீழ்வீட்டு ஆசிரியை கதவைப் பாதி திறந்து
பேரீச்சம்பழம் நீட்டினாள், காரணம் கேட்காமல்.
மின்தூக்கியில் பெயர் தெரியாத ஒருவர்
பொத்தான்களைப் பார்த்தபடி
"இன்ஷா அல்லாஹ்" என்றார்.

கெமரால்தி சந்தையில் சாக்கு நிறைய
மிளகுபோல் கறுத்த விதை.
ஹயித் என்றார்கள்.
நம் நொச்சிக்கு ஒன்றுவிட்ட அக்காள்.
மதில் காக்க நின்றவன் சூடிய பூவின் குடும்பம்;
இவள் கேட்பதோ
மதில் திறக்க.
நூறு கிராம் கட்டச் சொன்னாள்.
கடைக்காரர் நிறுத்து முடித்து
மேலே ஒரு பிடி போட்டார், முகம் பார்க்காமல்.

மருத்துவர் பெரிஹான் பொட்டலத்தை முகர்ந்தார்.
திட்டவில்லை.
"வெங்காயம் சூப்பில் நன்றாயிருக்கும்.
இந்த விதையை என் மாத்திரையோடு சேர்க்காதே.
கடைசிப் படகு வரை விழித்திருக்காதே.
தைராய்டு பார்த்துவிடுவோம்."
பிறகு கண்ணாடியைக் கழற்றி
கதவருகே அவள் கோட்டைச் சுமந்து நின்றவனிடம்:
"உங்கள் பரிசோதனைத் தாள் எங்கே?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக
அந்த அறையில்
இன்னொரு உடம்பும் இருந்தது.

திரும்பும் படகில்
எள் தூவிய சிமித் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து
கடற்புறாக்களுக்கு எறிந்துகொண்டிருந்தான்.
ரொட்டி தீர்ந்தது. நடுக்கடலில் சொன்னான்:
"அந்தத் தண்ணீரை நானும் குடித்தேன்.
நீ மிச்சம் வைத்ததை. ஏழு நாளும்.
பரிசோதனைக்குத்தான் பயம்,
வெங்காயத்துக்கு என்ன பயம்."

கோபம் வந்தது அவளுக்கு.
இத்தனை இரவும்
தன் மூச்சு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாளே
அதில் பாதி அவனுடையது.
சிரிப்பும் வந்தது. அதை வெளியே விடாமல்
கோபத்தின் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.
கரை வந்தது.

வியாழக்கிழமை அவன் போனான்.
முடிவு வர பத்து நாள் என்றார்கள்.
விதைப் பொட்டலம் பரணில், முடிச்சு அவிழாமல்.

நாற்பத்தேழாம் நாள்
முப்பத்தாறு புள்ளி ஆறு.
வெளிச்சம் போடாமல் சன்னலோரம் சாய்த்து
அவளே படித்தாள்.
காய்ச்சலாகவும் இருக்கலாம்.
கருவியின் தவறாகவும்.
அவனை எழுப்பவில்லை.
நாட்காட்டியில் எழுதவுமில்லை.
ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்,
ஏழு நாற்பது போய்
எட்டு மணிப் படகும் போகும்வரை.

அன்று கூண்டுக்குத் தாமதமாகப் போனாள்.
ஒலிபெருக்கியைத் திறந்து
எட்டு இருபது என்றாள்.
மன்னிப்புக் கேட்கவில்லை.